கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: ஏரிக்கரைப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கச்சிமார்களே, அத்தைமார்களே,

ஆரம்பாக்கம், நொச்சிக்குப்பம், சுண்ணாம்புக்குளம் தொடங்கிப் பழவேற்காடு வரை ஏரிக்கரை நெடுக மீன் விற்கிற, இறால் தடவுகிற, நண்டு வலை பிரிக்கிற உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்ற கிராம சுகாதாரச் செவிலியர்களில் நானும் ஒருத்தி. உங்களில் பலருடைய பிரசவக் கணக்கை என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த உரிமையில்தான், மகளிர் குழுக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத ஒன்றை வெளிப்படையாகப் பேச வருகிறேன். கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி. அதற்கு ஆபரேஷன் செய்யும்போது சில சமயம் உள்ளே வைத்துத் தைத்துவிடுகிற மெஷ்ஷைப் பற்றி.

ஏலத்தில் ஒருவர் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் விடமாட்டீர்கள். மீன் கூடையை ரயிலில் ஏற்றக்கூடாது என்று யாராவது சொன்னால் நின்று நியாயம் கேட்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். எனக்கு உங்கள் மேல் இருக்கிற வருத்தம் அதுதான். உங்களைக் கேட்கவிடாமல் அவசரப்படுத்துகிறவர்கள் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரியது.

நோவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அடி எறங்கிடுச்சி நர்ஸம்மா" என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னவர்கள் நீங்கள். உட்கார்ந்தால் முட்டை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பீர்கள். தும்மினால் சிறுநீர் சொட்டும். முக்கினால் சதை வெளியே தள்ளும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். பழைய சேலைத் துணியை உருட்டி உள்ளே வைத்துத் தாங்கல் கொடுத்துக்கொண்டு, அதோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவிய ஒரு அத்தையை எனக்குத் தெரியும். வெளியே வந்த சதை துணியில் உரசி உரசிப் புண்ணாகி, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தபோதுதான் என்னிடம் வந்தார். அதற்குள் பத்து வருஷம் ஓடியிருந்தது. வீட்டுக்காரருக்கே தெரியாது.

இது நம் கரைக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன்பு ஒரு தடவையாவது அந்தப் பரிசோதனைக்கு ஆளானவர்கள் 8 சதவீதம்தான். செங்கல்பட்டுப் பக்கம் 1981 முதல் இயங்குகிற ரூசெக் என்ற கிராமப் பெண்கள் அமைப்பு, கர்ப்பப்பை இறங்கிய கூலிக்காரப் பெண்களை உட்கார வைத்துப் பேசவிட்டது. டி.கே. சுந்தரி ரவீந்திரனும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை எழுதினார்கள். சின்ன வயதிலேயே தொடங்கியது, பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்பே கனத்த வேலைக்குத் திரும்பியது, வைத்தியம் பார்க்காமல் வருஷக்கணக்கில் இழுத்தது என்று அந்தப் பெண்கள் சொன்னதைப் படித்தபோது நம் குப்பத்துப் பேச்சைக் கேட்ட மாதிரியே இருந்தது. நேபாளத்தில் இந்த நோவு அவ்வளவு பரவலாக இருந்ததால், 2008-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே இதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பெழுதி, அரசாங்கத்தைக் கவனிக்கச் சொன்னது. ஆகவே இதில் வெட்கப்பட உங்களிடம் எதுவும் இல்லை. பிரசவம் கிழித்த தசை, அதன் மேல் தூக்கிய அன்னக்கூடை, விறகுப் புகையில் வந்த இருமல், மாதவிடாய் நின்றபின் தளர்ந்த உடம்பு, எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. நீங்கள் செய்த தப்பு எதுவும் இதில் இல்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். முன்பெல்லாம் நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டீர்கள். இப்போது போகிறீர்கள், சந்தோஷம். காப்பீட்டு அட்டை இருக்கிறது. மருத்துவ முகாமில் பேர் எழுதிக்கொண்டு வேன் வைத்து அழைத்துப் போகிறார்கள். சூலூர்பேட்டை, நெல்லூர், சென்னை என்று எந்தப் பக்கமும் ரயில் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தவர்கள் என்னிடம் நீட்டுகிற டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. "கர்ப்பப்பையைத் தூக்கித் தைச்சிட்டாங்க" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். காகிதத்தில் இங்கிலீஷில் மெஷ் என்று இருந்தது. அப்படி ஒன்று உடம்புக்குள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எந்தக் கம்பெனியுடையது, எந்த வழியாக வைத்தார்கள், எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அவளுடைய வீட்டுக்காரருடையது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு இடத்தைத் திட்டிவிட்டு மற்ற இடங்களை நம்பிவிடலாம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மெஷ் என்றால் என்ன? பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய துண்டு. ஆண்களுக்குக் குடலிறக்கம் வந்தால் தொடைமடிப்புப் பக்கம் தைப்பார்களே, அதே இனம். "எங்க வீட்டுக்காரருக்கும் வெச்சாங்க, நல்லாத்தானே கீறாரு" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகளும் அப்படித்தான் நினைத்தன. குடலிறக்கத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, இதற்கும் செய்யும் என்றார்கள். அமெரிக்காவில் 2002-இல் கர்ப்பப்பை இறக்கத்துக்கென்றே ஒரு மெஷ்ஷுக்கு அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே விற்கிற ஒரு பொருளைப் போன்றதுதான் இது என்று காட்டினால் போதும் என்ற வழியில் அடுத்தடுத்து வந்தவையும் சந்தைக்குள் நுழைந்தன. பெண்களுக்கு வைத்து, வருஷக்கணக்கில் பொறுத்திருந்து பார்த்துவிட்டு வந்த சரக்கில்லை.

வயிற்றுச் சுவரும் பெண்ணின் பிறப்புறுப்புச் சுவரும் ஒன்றில்லை. இது மெல்லிய சுவர். எப்போதும் ஈரமாக, கிருமிகள் குடியிருக்கிற இடம். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். நடந்தாலும் குனிந்தாலும் தாம்பத்தியத்திலும் அசைந்துகொண்டே இருக்கும். அங்கே, பிறப்புறுப்பு வழியாகவே அறுத்து வைத்த மெஷ், சில பெண்களுக்குச் சுருங்கி இறுகுகிறது; சிலருக்குச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தலைநீட்டுகிறது. ரத்தம் கசியும், நாற்றமடிக்கிற நீர் போகும், உட்கார முடியாத வலி வரும், வீட்டுக்காரருக்கும் குத்தும். அபூர்வமாக மூத்திரப்பைக்குள்ளேயே நுழைந்துவிடுவதும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகை பிடிக்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வைத்ததை எடுத்துவிடலாமே என்றால், அது சுலபமில்லை. அந்த மெஷ்ஷின் ஓட்டைகளுக்குள் நம் சதை வளர்ந்து பின்னிக்கொள்வதுதான் அதன் வேலையே. துண்டு துண்டாக, பல ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியிருக்கும். முழுசாக வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இங்கிலாந்தில் இதை எடுப்பதற்கென்றே 2021-இல் தனி சிறப்பு மையங்கள் திறக்க வேண்டி வந்தது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். 2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, பிறப்புறுப்பு வழியாக மெஷ் வைத்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு அது வெளியே தெரிய வந்தது என்றும், 8 சதவீதம் பேருக்கு அதற்காகவே மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது என்றும் சொன்னது. மெஷ் வைத்தால் மறுபடி இறங்குவது ஓரளவு குறைகிறது என்றும் அதே மதிப்பாய்வு சொன்னது. அதை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் நடந்த புராஸ்பெக்ட் என்ற பெரிய ஆய்வு, சொந்தச் சதையை வைத்துத் தைத்த பெண்களையும் மெஷ் வைத்த பெண்களையும் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தது. நோவு தீர்ந்ததிலும் வாழ்க்கை சுகப்பட்டதிலும் மெஷ் வைத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. அவர்களில் பத்தில் ஒருத்திக்கு மேல் மெஷ்ஷாலேயே தொந்தரவு வந்தது. 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது.

அதற்குள் நிறையப் பெண்கள் அழுதுவிட்டார்கள். அமெரிக்காவில் 2010 என்ற ஒரே வருஷத்தில் பிறப்புறுப்பு வழியாக ஏறக்குறைய 75,000 பேருக்கு இதை வைத்தார்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ., 2008-இல் ஒரு தடவை எச்சரித்து, 2011-இல் இந்தத் தொந்தரவுகள் அபூர்வமானவை இல்லை என்று சொல்லி, 2016-இல் அதிக ஆபத்துள்ள பொருள் என்று வகை மாற்றியது. சொந்தச் சதையில் தைப்பதைவிட இது மேல் என்று நிரூபியுங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டது. நிரூபிக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 16-இல், பிறப்புறுப்பு வழியாக இறக்கத்துக்கு வைக்கிற மெஷ் விற்பனையை நிறுத்தும்படி, அப்போது விற்றுக்கொண்டிருந்த பாஸ்டன் சயின்டிஃபிக், கோலோபிளாஸ்ட் என்ற இரண்டு கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது. ஆஸ்திரேலியா 2017 நவம்பரிலேயே இவற்றை விற்க அனுமதித்த பொருள்களின் பட்டியலிலிருந்து எடுக்க முடிவு செய்தது. அங்கே பெண்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2019-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் எத்திகான் கம்பெனிக்கு எதிராக நீதிபதி அன்னா காட்ஸ்மனிடம் தீர்ப்பு வாங்கினார்கள். பிரிட்டன் 2018 ஜூலையில் நிறுத்தி வைத்தது. அங்கே பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கேட்டு 2020-இல் அறிக்கை கொடுத்தது. வலிக்கிறது என்று சொன்ன பெண்களை வருஷக்கணக்கில் யாரும் நம்பவில்லை, எல்லாம் உன் மனசில்தான் என்று அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி. லண்டனில் படித்த பெண்களுக்கே இந்தக் கதி என்றால், சுண்ணாம்புக்குளத்திலிருந்து போய் வரிசையில் நிற்கிற பெண்ணை யார் உட்கார வைத்துக் கேட்பார்கள்?

இதையெல்லாம் சொல்வதால் மெஷ் என்றாலே ஓடிப்போங்கள் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பியிலோ திறந்தோ, முதுகுத்தண்டின் அடி எலும்போடு சேர்த்துக் கட்டுகிற மெஷ் வேறு. கர்ப்பப்பை எடுத்த பிறகு மேல்பகுதி இறங்கியவர்களுக்கு அது இன்றும் நல்ல சிகிச்சைதான். அதிலும் மெஷ் வெளியே வரலாம், ஆனால் குறைவு; வருஷங்கள் கழித்தும் வரலாம் என்பதால் தொடர்ந்து காட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீர் சொட்டுவதற்கு வைக்கிற சின்னப் பட்டை வேறு கணக்கு. அமெரிக்க உத்தரவு இந்த இரண்டையும் தொடவில்லை. அதனால்தான் "மெஷ்ஷா?" என்று மட்டும் கேட்டால் போதாது என்கிறேன், "எந்த வழியாக?" என்றும் கேட்க வேண்டும். ஏற்கெனவே மெஷ் வைத்திருந்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறவர்கள் பயந்து போய் அதை எடுக்கச் சொல்லி அலையவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். ரத்தமோ வலியோ நாற்றமோ வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

ஆபரேஷனே வேண்டாத பெண்கள் உங்களில் எவ்வளவோ பேர் இருக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. அதில் காசும் இல்லை, இலக்குக் கணக்கும் இல்லை. இறக்கம் லேசாக இருந்து தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுக் கவனித்தால் போதும். இடுப்பு அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில நொடி பிடித்து, விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. பத்துப் பத்தாக நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று நான்கு மாதம். பாத்திரம் கழுவும்போதும் செய்யலாம், மீன் விற்க உட்கார்ந்திருக்கும்போதும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. 447 பெண்களை வைத்து நடந்து 2014-இல் வெளியான பாப்பி என்ற ஆய்வில், முறையாகக் கற்றுக்கொண்டு செய்தவர்களுக்கு நோவு குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்த மாமனாருக்குக் கை கால் பிடித்துவிட வருகிற அவரிடம், இதையும் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்தது வளையம். பெசரி என்பார்கள். சிலிக்கான் வளையம், அளவு பார்த்து உள்ளே வைத்தால் இறங்குகிறதைத் தாங்கிப் பிடிக்கும். பழந்துணியை உருட்டி வைத்தாரே அந்த அத்தை, அவருக்கு முதல் நாளே ஒருவர் வளையம் போட்டிருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது. நீங்களே எடுத்துக் கழுவித் திரும்ப வைக்கப் பழகலாம். முடியாதவர்கள் சில மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, உள்ளேயே கிடந்தால் அதுவும் புண்ணாக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளில் பெண் டாக்டரிடம் "வளையம் போட்டுப் பார்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களுக்கும் முதலில் சொந்தச் சதையை வைத்துத் தைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. அதிலும் மறுபடி இறங்குகிற வாய்ப்பு உண்டு. அந்தப் பயத்தில்தான் மெஷ்ஷே வந்தது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் வழிகளை உருவாக்கியதில் பம்பாயின் ஷிரோத்கருக்கும் புரந்தரேக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் பெயரில் அந்த ஆபரேஷன்களை இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். அதில் நம் வயிற்று உறையையோ தொடை உறையையோ பட்டையாக வெட்டிப் பயன்படுத்துவதும் உண்டு, செயற்கைப் பட்டை வைப்பதும் உண்டு. அங்கேயும் எது என்று கேளுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கிற கொடுமையைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களுக்கு நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பீட்டு அட்டை உங்களுக்குக் கிடைத்த பெரிய துணை. அதைக் காட்டியதாலேயே கத்திக்கு உடம்பைக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

"டாக்டரைக் கேள்வி கேட்டா கோவப்படுவாங்க நர்ஸம்மா" என்பீர்கள். கேட்பது உங்கள் சட்ட உரிமை. டெல்லியில் 1995-இல் சமீரா கோலி என்ற பெண் உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கிற பரிசோதனைக்காக மயக்க மருந்தில் படுத்திருந்தார். வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தானே முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த பெண்ணுக்காக அவளுடைய அம்மா சம்மதிக்க முடியாது. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து வேறு ஆபரேஷன் செய்ய முடியாது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்கு, என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாயின் கையெழுத்தே செல்லாதபோது, உங்கள் உடம்புக்கு வீட்டுக்காரரும் மகனும் மட்டும் போடுகிற கையெழுத்து எப்படிச் செல்லும்? தமிழிலோ, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தெலுங்கிலோ விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பொறுமையாகச் சொல்கிற டாக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு எதுவும் வராது.

மெஷ் வைப்பதாக முடிவானால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது வருகிற பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: கம்பெனி பெயர், மாடல், லாட் நம்பர். அதில் ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு பழுதானது என்று 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதை வைத்துக்கொண்ட சுமார் 4,700 பேரில் ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2018-இல் வெளியே வந்தது. நஷ்டஈடு கொடுக்கலாம் என்று அரசாங்கம் பேசிய நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் தெரியவில்லை. அந்த ஸ்டிக்கர் இருந்தால் நாளைக்கு எந்த டாக்டரிடம் போனாலும் உள்ளே இருப்பது என்ன என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற ஊர் நம்முடையது. ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையிலேயே அதையும் வையுங்கள், ஒரு போட்டோவும் பிள்ளைகளின் போனில் எடுத்து வையுங்கள்.

தொந்தரவு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. உடம்புக்குள் வைக்கிற கருவிகளால் வரும் கேடுகளைப் பதிவு செய்ய இந்திய அரசு 2015 ஜூலையில் ஒரு கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணுக்கு நீங்களே சொல்லலாம், டாக்டர் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது வெளியே வந்தது பெண்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னதால்தான். 2008-இலிருந்து 2010 வரைக்கும் இறக்கத்துக்கு வைத்த மெஷ் பற்றி மட்டும் எஃப்.டி.ஏ.வுக்கு 1,503 புகார்கள் போயின. நம் கரையிலிருந்து ஒரு புகாரும் போகாவிட்டால், நம் கரையில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்றுதான் கணக்கு எழுதுவார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவளைக் குறைந்தது மூன்று மாதமாவது கனம் தூக்கவிடாதீர்கள் என்று மாமியார்களாக இருக்கிற உங்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். மெஷ் வைத்தாலும் வைக்காவிட்டாலும், பதினைந்தாம் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தைத்தது நிற்காது. குழுவில் உள்ளவர்கள் முறை வைத்து அவளுடைய கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் காசைக் கொடுங்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் செய்கிற உதவிதானே.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த மாதம் குழு கூடும்போது, கடன் தவணை கணக்கு முடிந்த பிறகு, தீர்மான நோட்டில் இதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்: நம் குழுவில் யாருக்குக் கர்ப்பப்பை இறக்க ஆபரேஷன் என்று சொன்னாலும், குழுவிலிருந்து ஒருத்தி கூடப் போவாள். பயிற்சியும் வளையமும் பார்த்தாயிற்றா, மெஷ் வைப்பீர்களா, வைத்தால் எந்த வழியாக, வைக்காமல் செய்ய முடியாதா, தொந்தரவு வந்தால் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, பதிலை அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு வருவாள். பதில் கிடைக்கும் வரை கையெழுத்துப் போடமாட்டோம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் பழைய காகிதத்தை எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், எந்தக் குப்பமானாலும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா,
ஆரம்பாக்கம்